இம்பெல்லரை வரைய முதல் ஒரு தாள் கணக்கு

வெள்ளவத்தையிலிருந்து ஓர் இறுதியாண்டு மாணவர் கேட்கிறார்: "ஒரு மையவிலக்குக் கம்பிரசர் வடிவமைக்கிறேன்: செக்கனுக்கு 0.2 கிலோ காற்று, அழுத்த விகிதம் 2, அதாவது வெளியேறும் அழுத்தம் உள்ளே வருவதைப்போல் இரு மடங்கு. இம்பெல்லரை (காற்றைத் தள்ளும் இறகுச் சில்லை) வரைந்து மூன்று வாரமாக சிஎஃப்டி (கணினியில் காற்றோட்டக் கணிப்பு) ஓட்டுகிறேன், விகிதம் 1.5 ஐத் தாண்டவில்லை. இறகுகளைக் கூட்டவா, கோணத்தை மாற்றவா?"

இரண்டும் இப்போது வேண்டாம் தம்பி. காற்று இறகோடு முழுதாகச் சுழலாமல் சற்றுப் பின்தங்கும், அதுதான் வழுக்கல். அதைக் கணிக்கும் வீஸ்னர் சூத்திரத்தில் 14 இறகை 18 ஆக்கினாலும் வழுக்கல் குணகம் 0.86 இலிருந்து 0.88 தான் ஆகும், அதை வைத்து 1.5 ஐ 2 ஆக்க முடியாது. விட்டத்தையும் வேகத்தையும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை, எனக்கு அங்கேதான் சந்தேகம்.

சிஎஃப்டியை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். கொழும்பில் உள்ளே வரும் காற்று 30 பாகை, அதாவது 303 கெல்வின். பழக்கத்தில் 15 பாகையைப் போட்டு வடிவமைத்தால் அதே வேகத்தில் இங்கே விகிதம் 1.94 இல் நின்றுவிடும். அழுத்த விகிதமான 2 இன் 0.286 ஆம் அடுக்கு (0.286 காற்றுக்குரிய எண்) 1.219, அதில் 1 ஐக் கழித்து 303 ஆலும், காற்றின் தன்வெப்பக் கொள்ளளவு 1005 ஆலும் பெருக்கினால் ஒரு கிலோ காற்றுக்கு ஏறக்குறைய 67 கிலோயூல் வேலை. இது இழப்பே இல்லாத கணக்கு. வினைத்திறன் 75 வீதம் என்று வைத்தால் 89.

அந்த 89 ஐக் கொடுப்பது இம்பெல்லரின் விளிம்பு வேகம். சுழலும் திசைக்கு எதிராக 35 பாகை பின்சாய்ந்த இறகென்றால், வழுக்கலும் போக, விளிம்பு வேகத்தின் வர்க்கத்தில் 0.68 பங்குதான் காற்றுக்குச் சேரும். ஆக விளிம்பு செக்கனுக்கு 360 மீற்றர் வேகத்தில் ஓட வேண்டும்.

சரி, எத்தனை சுற்று? ஸ்பெசிபிக் ஸ்பீட் (சுற்று வேகம், ஓட்டம், வேலை மூன்றையும் சேர்த்த அலகில்லா எண்) 0.7 அளவில் இருந்தால் வினைத்திறன் நன்றாக வரும். உங்கள் ஓட்டம் செக்கனுக்கு 0.17 கனமீற்றர், அதைப் போட்டால் நிமிடத்துக்கு 67,000 சுற்று, விட்டம் 103 மில்லிமீற்றர். இதைச் சுழற்ற 18 கிலோவாற்று வேண்டும், தாங்கிகளில் போவது தனி. அப்படியொரு மோட்டார் உங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கிறதா? 30,000 சுற்றுதான் கிடைக்கும் என்றால் விட்டம் 230 ஆகிவிடும், ஸ்பெசிபிக் ஸ்பீட் 0.31 க்கு இறங்கும், காற்றுப் பாதை ஒடுங்கி உராய்வும் கசிவும் கூடும், அப்போது 75 வீதம் என்று நம்பிப் போட்ட கணக்கையே திரும்பப் போட வேண்டிவரும். மோட்டாரை முதலில் முடிவு செய்யுங்கள்.

அப்புறம் ஒரு வேர்னியரோடு, பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய், பழைய லொறி டர்போ ஒன்றின் கம்பிரசர் சில்லை அளந்து பாருங்கள்: நுழைவாய் விட்டம், வெளிவாயில் இறகின் உயரம், இறகு எண்ணிக்கை. 100 மில்லிமீற்றருக்குக் கிட்டிய சில்லு கிடைத்தால் உங்கள் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.