ஆரல்வாய்மொழியில் வந்தது வெயில் மயக்கமா?

கேள்வி: எனக்கு வயது 56, ஊர் மதுரை. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடு 2 மி.கி., காலையும் இரவும் மெட்பார்மின் 500 மி.கி., பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் 40 மி.கி. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.6. சிறுநீரகத்தில் கோளாறு இல்லை. நானும் என் பள்ளிக்கூட நண்பனும் வருடத்துக்கு ஒரு முறை, சாப்பிடுவதற்காகவே காரில் ஊர் சுற்றுவோம். போன வருடம் கன்னியாகுமரி மாவட்டம். காலை ஐந்தரைக்கு மாத்திரையையும் ஒரு டீயையும் போட்டுவிட்டுக் கிளம்பினோம். டிபன் நாகர்கோவிலில் புட்டும் பயறும் என்று திட்டம். ஆரல்வாய்மொழி பக்கம் வரும்போது எனக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கண் மங்கியது. வண்டி ஓட்டியது நான்தான். ஓரங்கட்டி ஒரு சர்பத் குடித்தேன், பத்து பதினைந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. வெயில் என்று விட்டுவிட்டோம். மறுநாள் காலை முட்டத்தில் சூரை மீன் வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டு இரண்டு இடம் சுற்றிப் பார்த்துவிட்டு, மதியம் ஒரு கடையில் பொரிக்கக் கொடுத்துச் சாப்பிட்டோம். அரை மணி நேரத்தில் நண்பனுக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி, படபடப்பு. எனக்கும் காது சூடானது. சாயங்காலத்துக்குள் சரியானது. அன்றிலிருந்து ‘எனக்கு மீன் அலர்ஜி’ என்று அவன் மீனையே விட்டுவிட்டான். அவனுக்கு யூரிக் அமிலத் தொந்தரவும் உண்டு. என் மனைவியோ, மரவள்ளிக்கிழங்கு தின்றதால்தான் எனக்கு மயக்கம் என்கிறார். அடுத்த மாதம் நான்கு நாள் மறுபடி போகிறோம். கிழங்கு, மட்டி வாழைப்பழம், கருப்பட்டிக் காப்பி எல்லாம் எனக்கு ஆகுமா?

பதில்: முதலில் மரச்சீனிக்கு நான் வக்காலத்து வாங்கிவிடுகிறேன். மதுரையில் நீங்கள் மரவள்ளி என்பதற்கு எங்கள் ஊரில் மரச்சீனி என்று பெயர், வீட்டில் வெறுமனே கிழங்கு. உங்களுக்கு மயக்கம் வந்தது ஆரல்வாய்மொழியில். கிழங்கு உங்கள் தட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. செய்யாத குற்றத்துக்கு அதைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

வெயில் மயக்கம் என்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மாவா? காரை நிறுத்திக் கதவைத் திறந்தால் காற்று கதவைப் பிடுங்கும். அதிலும் ஏசி வண்டியில் வந்தவருக்குக் காலை பத்து மணிக்குள் வெயில் மயக்கம் வருவது அபூர்வம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஐந்தரைக்குக் கிளிமிபிரைடு போட்டீர்கள், கூட ஒரு டீ. அதன் பிறகு நான்கு மணி நேரத்துக்கு மேல் எதுவும் சாப்பிடவில்லை. அந்த மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைப்பது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. வியர்வை, நடுக்கம், கண் மங்கல், சர்க்கரை போட்ட சர்பத் உள்ளே போனதும் தெளிவு. தாழ்சர்க்கரைக்கு இதைவிடப் பொருத்தமான கதையைப் பாடப்புத்தகத்தில்தான் பார்க்க முடியும். அன்று குளுக்கோமீட்டரில் பார்த்திருந்தால் 70-க்குக் கீழேதான் காட்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

இது உங்களுக்கு மறந்துபோன பழைய கதையாகத் தெரியலாம். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பயமுறுத்திய வரி ‘வண்டி ஓட்டியது நான்தான்’ என்பது. நான்கு வழிச்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் மூளைக்குச் சர்க்கரை குறைந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. ஆகவே இந்த முறை ஒரே ஒரு விதியை மட்டும் நண்பரிடம் ஒப்படைத்துவிடுங்கள்: இலையோ தட்டோ முன்னால் வந்து, அதில் உணவும் விழுந்த பிறகுதான் கிளிமிபிரைடு. ‘இன்னும் பத்து நிமிடம் சார், புட்டு வெந்துகொண்டிருக்கிறது’ என்பதை நம்பி மாத்திரை போடக் கூடாது. புட்டுக்குற்றியில் ஆவி வரும் நேரம் நமக்குத் தெரியும். அதற்கு முன்னால் காத்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கை தெரியாது. மதுரையிலிருந்து அதிகாலையில் கிளம்பினால் வழியில் கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ இட்லி சாப்பிடும்போது மாத்திரையைப் போடுங்கள். நாகர்கோவில் புட்டை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது.

குளுக்கோமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்டியரிங்கில் உட்காருவதற்கு முன் ஒரு முறை, நெடுந்தூரம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். குறைந்துவிட்டால் மூன்று டீஸ்பூன் சீனியோ குளுக்கோஸோ தண்ணீரில் கலக்கிக் குடித்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. சரியான பிறகும் உடனே வண்டியை எடுக்கக் கூடாது, முக்கால் மணி நேரம் போகட்டும். அதற்குள் வயிற்றுக்கும் ஏதாவது போட்டாக வேண்டும், ஏனென்றால் கிளிமிபிரைடின் வேலை ஒரு நாள் முழுக்க நீளும். சர்பத் மட்டும் குடித்துவிட்டு விட்டால் மறுபடி இறங்கும். இனி இப்படி ஒரு முறை நடந்தாலும் அந்த மாத்திரையையே மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தாழ்சர்க்கரையை எளிதில் வரவழைக்காத மருந்துகள் இப்போது இருக்கின்றன. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இனி நண்பரின் ‘அலர்ஜி’. இதிலும் கடிதம் ஒரு தடயத்தைத் தருகிறது: உங்களுக்கும் காது சூடானது. ஒரே மீனைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அலர்ஜி முளைப்பது நடக்கக்கூடியதா? கூடவே, அவர் ஐம்பது வருடமாக மீன் சாப்பிட்டு வந்தவர். நான் சந்தேகப்படுவது அந்த டிக்கியைத்தான்.

சூரை, அயிலை (கானாங்கெளுத்தி), சாளை (மத்தி) போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பு வெளியிடுவதும் இதே ஹிஸ்டமின்தான். இங்கே அது மீனோடு வெளியிலிருந்து வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் முகம் சிவப்பது, தலைவலி, படபடப்பு, சிலருக்கு வாந்தி பேதி எல்லாம் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்து, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். இதற்கு ஸ்காம்பிராய்ட் நச்சு என்று பெயர். கொடுமை என்னவென்றால் ஒரு முறை உருவான ஹிஸ்டமின் பொரித்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது. வாடையும் காட்டிக்கொடுக்காது. செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கியிருப்பீர்கள். வாங்கியபோது அந்த மீன் நல்ல மீன்தான். பாலித்தீன் பையில் சுருட்டி, வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் மதியம் வரை வைத்துச் சுற்றினீர்களே, அங்கேதான் கெட்டது. பொரித்துக் கொடுத்த கடைக்காரரைத் திட்டியிருந்தால் மனதுக்குள்ளாவது மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

இதை நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உண்மையான மீன் அலர்ஜி நடுவயதிலும் தொடங்கலாம். ஆகவே பயணத்துக்கு முன்னால் ஓர் அலர்ஜி மருத்துவரைப் பார்த்துத் தோல் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அலர்ஜி இல்லை என்று தெரிந்தால், அவர் இத்தனை நாள் மீனை விலக்கி வைத்தது ஒரு டிக்கிக்காக என்று ஆகிவிடும். எது எப்படியானாலும், சாப்பிட்டவுடன் நாக்கோ உதடோ வீங்கினால், மூச்சு முட்டினால், தலை சுற்றிக் கீழே சாய்ந்தால், மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வெறும் சிவப்பும் அரிப்பும் என்றால் செட்ரிசின் ஒன்று போதும். போட்டவர் அன்று வண்டி ஓட்ட வேண்டாம், தூக்கம் வரும்.

முட்டத்திலோ குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ மீன் வாங்குவதானால் முதலில் ஒரு தெர்மோகோல் பெட்டி வாங்குங்கள். கீழே ஐஸ், மேலே மீன், அதற்கும் மேலே ஐஸ். அதைவிட நல்லது, வாங்கிய கையோடு அருகிலேயே சமைக்கக் கொடுத்து, ஊர் பார்ப்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வது.

இப்போது கிழங்கு. திருவிதாங்கூரில் இதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது, 1956 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த எங்கள் பகுதியையும் தாங்கியது இந்தக் கிழங்குதான். ‘அந்தக் காலத்தில் மூன்று வேளையும் கிழங்கு தின்றோம், யாருக்குச் சர்க்கரை வந்தது?’ என்று என்னிடம் சண்டைக்கு வரும் பெரியவர்கள் உண்டு. தின்றது உண்மை. தின்றுவிட்டு ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போனார்கள், கட்டுமரம் தள்ளினார்கள். நீங்கள் தின்றுவிட்டுக் காரில் ஏறுவீர்கள். வேகவைத்த கிழங்கு 100 கிராமில் 30 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. சோற்றைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் சோற்றைப் போல அள்ளி அள்ளி வைத்துவிடுவார்கள்.

எனவே சாப்பிடுங்கள், சாப்பிடும் முறையை மட்டும் மாற்றுங்கள். கிழங்கு மயக்கியது என்று கேட்டால், வேகவைத்து நீர் வடித்து, தேங்காயும் பச்சை மிளகாயும் சீரகமும் பூண்டும் அரைத்துச் சேர்த்துக் கிளறித் தருவார்கள். பக்கத்தில் சாளைக் கறி வரும். முதலில் இரண்டு மீனைத் தின்றுவிடுங்கள். பிறகு கிழங்கில் கை வையுங்கள், ஒரு கைப்பிடி அளவு. புரதமும் கொழுப்பும் முன்னால் போனால் மாவுச்சத்து இரத்தத்தில் ஏறுவது மெதுவாகும். அந்த வேளை சோறு கிடையாது. கிழங்கும் சோறும் ஒரே இலையில் என்பது இரண்டு சாப்பாடு. கிழங்கில் சயனைடு இருக்கிறதே என்று யாராவது பயமுறுத்தினால், தோலை உரித்து நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவது அதற்காகத்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் வேதியியல் படிக்காமலே செய்துவந்தது. பச்சையாக மட்டும் கடிக்காதீர்கள்.

புட்டுக்கும் அதே கணக்கு. பயறும் பப்படமும் சேர்த்துச் சாப்பிடுங்கள், அல்லது கடலைக்கறி. கூடவே பழத்தையும் பிசைவது எங்கள் வழக்கம், எனக்கும் பிடித்தது, உங்களுக்கு வேண்டாம். மட்டிப்பழத்தை வேறொரு நேரம் தனியாகச் சாப்பிடலாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். விரல் நீளம்தான் இருக்கும், மணம் அறை முழுக்க வரும். குழந்தைக்கு முதல் உணவாகக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு வேளைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. சீப்பாக வாங்கிப் பின் சீட்டில் வைத்தீர்கள் என்றால் தக்கலை தாண்டும்போது தோல் மட்டும்தான் இருக்கும்.

கருப்பட்டிக் காப்பிக்கு வருவோம். ‘கருப்பட்டிதானே டாக்டர்’ என்பது நான் தினமும் கேட்கும் வாக்கியம். கருப்பட்டியின் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் கூடுதலாக இருப்பதால் சர்க்கரை ஏறாமல் போய்விடாது. அக்கானியும் அப்படித்தான், பதநீரைத்தான் சொல்கிறேன்: 100 மில்லியில் சுமார் 10 கிராம் சர்க்கரை. நண்பர் ஒரு குவளை குடிக்கட்டும், நீங்கள் இரண்டு மடக்கு வாங்கிக் குடியுங்கள். தாகத்துக்குக் கருக்கு, அதாவது இளநீர், நாளுக்கு ஒன்று ஆகும். டெல்மிசார்ட்டன் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியது. சிறுநீரகம் சரியாக இருப்பதால் ஒன்று பரவாயில்லை. நாகர்கோவில் ரசவடை? சாயங்காலம் ஒன்று, தாராளமாக. ஏத்தங்காய் சிப்ஸ் விஷயத்தில் அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, என் மேசை டிராயரில் ஒரு பொட்டலம் இருக்கிறது. உப்பு உங்கள் பிரஷருக்கு ஆகாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நண்பரின் யூரிக் அமிலத்துக்கு நெத்தோலி, சாளை, சிப்பி மூன்றும் ஆகாதவை; உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அவற்றில் அதிகம். பரிசோதனையில் அலர்ஜி இல்லை என்று வந்தால் நெய்மீன் ஒரு துண்டு சாப்பிடலாம். ஏற்கனவே மாத்திரை எடுக்கிறார் என்றால் பயணத்தில் நிறுத்தக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். பீர் வேண்டவே வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், கண்ணளவு வேண்டாம். வாந்தியும் பேதியும் தொடர்ந்தால் மெட்பார்மினையும் டெல்மிசார்ட்டனையும் அன்று எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரைப் போனில் கேட்டுவிட்டு எடுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டெல்மிசார்ட்டன் சிறுநீரகத்துக்குச் சுமை, சிறுநீரகம் தளர்ந்தால் மெட்பார்மின் உடம்பில் தேங்கிவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் நடந்தாலே சர்க்கரை நன்றாக இறங்கும். அதற்குப் பத்மநாபபுரம் அரண்மனையைவிட நல்ல இடம் தெரியாது. எங்கள் மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருப்பது. திங்கட்கிழமை விடுமுறை, அன்று போய்ப் பூட்டிய கதவைப் பார்க்காதீர்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து திரும்பலாம்.

நண்பரின் தோல் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை அவர் இலையில் தீயலும் எரிசேரியும் இருக்கட்டும், மீன் முழுவதும் உங்கள் இலைக்கு.