நீர்க்கட்டி எதனால் வந்தது, டாக்டர்?

கேள்வி: எனக்கு 29 வயது. அடிவயிற்றில் வலது பக்கம் விட்டுவிட்டு வலித்ததால் ஸ்கேன் எடுத்தேன். வலது சினைப்பையில் 4.2 செ.மீ. நீர்க்கட்டி, 'சிம்பிள் சிஸ்ட்' என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. மாத்திரைகூட எழுதாமல் இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார் டாக்டர். பிராய்லர் கோழியால்தான் என்கிறார் மாமியார், பிசிஓடி என்கிறாள் தோழி. புற்றுநோயாக இருக்குமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. இது எதனால் வந்தது? சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஏ 125 ரத்தப் பரிசோதனை செய்துவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: கோழியை விட்டுவிடுங்கள், அது இந்த வழக்கில் நிரபராதி.

மாதாமாதம் சினைப்பையில் கருமுட்டையைச் சுமந்துகொண்டு ஒரு சின்ன நீர்ப்பை வளரும், ஏறக்குறைய 2 செ.மீ. வந்ததும் வெடித்து முட்டையை வெளியே விடும். சில மாதம் அது வெடிக்காமல் வளர்ந்துகொண்டே போகும், அல்லது வெடித்த பிறகு வாய் மூடிக்கொண்டு உள்ளே நீரோ ரத்தமோ தேங்கும். உங்கள் வயதில் வரும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். ஏன் இந்த மாதம், ஏன் வலது பக்கம் என்று கேட்டால் பல நேரம் எங்களிடம் பதில் கிடையாது, நீங்கள் செய்த எதனாலும் வந்ததும் அல்ல. கருமுட்டை வளர்வதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள், காப்பர் டி போலக் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் வைத்திருப்பவர்கள், தைராய்டு சுரப்பு ரொம்பக் குறைந்து சிகிச்சை எடுக்காதவர்கள் ஆகியோருக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். இதில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மாதம் சும்மா இருக்கச் சொன்னார் என்று நினைக்காதீர்கள், அந்தக் காத்திருப்பேதான் பரிசோதனை. நான் சொன்ன ரகம் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தானாகக் கரைந்துவிடும். எண்டோமெட்ரியோசிஸால் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) வரும் சாக்லேட் கட்டியும், உள்ளே கொழுப்பு, முடி, சில சமயம் பல்கூட இருக்கும் டெர்மாய்டு கட்டியும் அப்படிக் கரையாது. கருத்தடை மாத்திரை கொடுத்தாலும் இருக்கிற கட்டி சீக்கிரம் கரைவதில்லை என்று ஆய்வுகளில் பார்த்துவிட்டார்கள், அதனால் உங்கள் டாக்டர் மாத்திரை எழுதாதது சரிதான். (கஷாயம் குடித்துக் கட்டி கரைந்தது என்று ஊரில் நாலு பேராவது சொல்வார்கள். குடிக்காமல் இருந்தாலும் கரைந்திருக்கும், பேர் மட்டும் கஷாயத்துக்கு.)

'சிம்பிள்' என்றால் மெல்லிய சுவர், உள்ளே வெறும் நீர், தடுப்போ சதைப்பகுதியோ இல்லை என்று பொருள். மாதவிலக்கு நிற்காத வயதில் இப்படிப்பட்ட கட்டி புற்றுநோயாக இருப்பது மிக மிக அபூர்வம். சிஏ 125 இப்போது வேண்டாம். பீரியட்ஸ் சமயத்திலும், எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு என்கிற கருப்பைச் சதைக்கட்டி, வயிற்றில் டிபி இருந்தாலும் அது ஏறும். ஆரம்பக்கட்டப் புற்றுநோயில் ஏறாமலும் இருக்கும். ரிப்போர்ட்டில் இயல்பு அளவான 35-க்கு மேல் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு இன்னும் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். மாதவிலக்கு நின்றவர்கள் விஷயம் வேறு, அவர்களுக்கு அந்தப் பரிசோதனை தேவைப்படும்.

தோழி சொல்லும் பிசிஓடி என்கிற ஹார்மோன் கோளாறில் ஒரு செ.மீ.கூட இல்லாத சின்னச் சின்ன முட்டைப்பைகள் நிறைய இருக்கும். ஒற்றை 4 செ.மீ. கட்டி அது இல்லை. பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதென்றால், முகத்தில் முடி போன்ற தொந்தரவும் இல்லையென்றால், அந்தப் பேச்சை விடுங்கள்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி, மயக்கம் அல்லது காய்ச்சல் வந்தால் இரண்டு மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சினைப்பை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

அடுத்த ஸ்கேனைப் பீரியட்ஸ் முடிந்த சில நாட்களில், முடிந்தால் அதே சென்டரில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். கட்டி அப்போதும் இருந்தால் டாக்டரிடம் 'இது எந்த வகைக் கட்டி' என்று கேளுங்கள். மேற்கொண்டு ஸ்கேனா, சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனா என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.