உங்கள் பெயருக்கு நேராக அவருடைய செல்போன் எண்

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன், வயது 44. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்ததும், என்னை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்துக் கல்விக்கடனுக்கு விண்ணப்பித்தோம். என் சிபில் ஸ்கோர் 598 என்று சொல்லி வங்கியில் மறுத்துவிட்டார்கள். அறிக்கையின் பிரதியை வாங்கிப் பார்த்தேன். 2019இல் கட்டி முடித்த டிவி கடனில் 1,870 ரூபாய் பாக்கி என்று இருக்கிறது. கொழுந்தனார் வாங்கிய சரக்கு வாகனக் கடனில் நான் ஜாமீன்தாரர் என்றும், பல மாதத் தவணை தாமதம் என்றும் இருக்கிறது. 2023இல் நான் வாங்கவே வாங்காத இரண்டு ஆப் கடன்கள் இருக்கின்றன. 40,000 ரூபாய்க் கடன் 'செட்டில்ட்' என்றும், 65,000 ரூபாய்க் கடன் 'ரைட்டன் ஆஃப்' (வசூலாகாது என்று நிறுவனம் தள்ளி எழுதியது) என்றும் பதிவாகியுள்ளன. மற்றபடி பெயர், பிறந்த தேதி, பான் எண் எல்லாம் சரி. செல்போன் எண் மட்டும் என் கணவருடையது. எங்கே கேட்டாலும் அவர் எண்ணைக் கொடுப்பதுதான் வழக்கம் என்பதால் அது பரவாயில்லை. அவருக்குத் தெரியாமல் இவற்றைத் திருத்த வழி உண்டா? 8,000 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் நீக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: உங்கள் அறிக்கையில் இருப்பதிலேயே பெரிய பிழையை நீங்கள் பிழை என்றே எண்ணவில்லை. டிவி கடனின் 1,870 ரூபாய் உங்களை உறுத்துகிறது, ஆனால் உங்கள் பெயருக்கு நேராக இன்னொருவரின் எண் இருப்பது பரவாயில்லை என்கிறீர்கள். ஒரு மாணவி தன் விடைத்தாளில் பக்கத்து இருக்கைத் தோழியின் பதிவெண்ணை எழுதிவிட்டு, 'நாங்கள் நெருங்கிய தோழிகள், பரவாயில்லை டீச்சர்' என்று சொன்னால் நீங்கள் விடுவீர்களா?

அந்த எண் என்ன வேலை செய்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் அறிக்கையைத் திறக்க வேண்டுமென்றால் ஓடிபி அங்கேதான் போகும். உங்கள் அறிக்கையை யாராவது எடுத்துப் பார்த்தாலும், தவணை தவறியதாக உங்கள் பெயரில் ஒரு தகவல் பதிவானாலும், குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டு, அது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. உங்களை எச்சரிப்பதற்கென்று செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டின் செய்திகளெல்லாம் உங்களைத் தவிர இன்னொருவரின் சட்டைப்பைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அவருக்குத் தெரியாமல் திருத்த வழி உண்டா என்று கேட்கிறீர்கள். இப்போதிருக்கும் நிலையில் நீங்கள் முதல் படியில் கால் வைத்ததுமே அவருடைய போனில்தான் மணி அடிக்கும்.

இனி, நீங்கள் எழுதத் தயங்கியதை நான் எழுதுகிறேன். ஆப் மூலம் கொடுக்கப்படும் கடனுக்குப் பான் எண்ணும் ஆதாரும் ஓடிபியும் வேண்டும். உங்கள் பான் அட்டையும் ஆதார் அட்டையும் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதைவிட முக்கியமானது, அந்த 40,000 ரூபாய்க் கடன் 'செட்டில்ட்' என்று முடிந்திருப்பது. நிறுவனத்தோடு பேசி, முழுப் பாக்கிக்குக் குறைவான ஒரு தொகையைக் கட்டி, கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதன் பொருள். ஊர் பேர் தெரியாத மோசடிக்காரன் எவனும் திரும்பி வந்து பாக்கியில் பாதியைக் கட்டிச் சமரசம் பேசிவிட்டுப் போவதில்லை. கட்டியவர் உங்கள் பெயர் கெடக்கூடாது என்று கொஞ்சமாவது கவலைப்பட்டவர், அல்லது வசூல்காரர்கள் உங்கள் பள்ளி வாசலுக்கு வந்துவிடுவார்களோ என்று பயந்தவர்.

இதை நான் முடிவாகச் சொல்லவில்லை. சரிபார்க்க வேண்டியது உங்கள் வேலை. 2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்களின்படி, கடன் தொகை கடன்பெறுபவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போக வேண்டும். ஆகவே, சம்பளக் கணக்கின் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், 2023ஆம் ஆண்டின் பக்கங்களை அச்சிட்டு வாங்குங்கள். கடன் தொடங்கிய தேதி அறிக்கையிலேயே இருக்கிறது. அந்தத் தேதியை ஒட்டி, கட்டணம் பிடித்ததுபோக 40,000க்குச் சற்றுக் குறைவான ஒரு வரவும், அடுத்த ஓரிரு நாளில் அது வெளியேறிய வரியும் இருக்கின்றனவா என்று விரலை வைத்து வரிவரியாகப் பாருங்கள். ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருந்தால் அந்த அட்டை அன்று யார் கையில் இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால், அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் எழுதி, விண்ணப்பத்தின் நகல், கொடுக்கப்பட்ட அடையாள ஆவணங்கள், பதிவான செல்போன் எண், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கணக்குக்குப் பணம் போயிருந்தால் அது மோசடி. அன்றைக்கே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுத்து, அந்தப் புகாரின் நகலோடு 'இந்தக் கடன் என்னுடையதல்ல' என்று கடன் தகவல் நிறுவனத்திடம் முறையிடுங்கள்.

விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கணவரின் எண்ணாக இருந்தால் விஷயம் வேறு. அப்போதும் 'என்னுடையதல்ல' என்று நீங்கள் எழுதலாம். எழுதினால் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதை எழுதுகிற நாளில், உங்கள் ஆவணங்களைக் கொண்டு ஆள்மாறாட்டம் செய்தவர் என்று உங்கள் கணவரை நீங்கள் கைகாட்டுகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டே எழுத வேண்டும். அவருக்குத் தெரியாமல் அதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உங்களுக்குத் தெரியாமல் அவர் கடன் வாங்கியது எவ்வளவு தவறோ, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் பெயரைப் புகாரில் போய் நிறுத்துவதும் அவ்வளவு தவறு.

குடும்பக் கடனுக்குப் பெண் தோள் கொடுக்கக்கூடாது என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. தொழில் நொடித்த கணவனுக்காக வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு மரியாதைதான் உண்டு. அவர்கள் தெரிந்து கொடுத்தார்கள். தெரிவிக்காமல் எடுக்கப்பட்டதற்கு அந்த மரியாதையைக் கொடுக்க என்னால் முடியாது. அதே நேரம், மாதாமாதம் சம்பளம் வாங்குகிற, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரு பெண், இத்தனை ஆண்டுகளாகத் தன் எண் என்ற கட்டத்தில் தன் எண்ணை எழுதாமலிருந்ததைப் பணிவு என்றோ நம்பிக்கை என்றோ நான் ஏற்க மாட்டேன். அது வேலையைத் தட்டிக்கழிப்பது. உங்கள் பங்கு வேலையையும் சேர்த்து அவர் பார்த்தார். அதில் ஒருநாள் கை நீண்டது.

ஆகவே அவரிடம் பேசுங்கள். மகளையும் உடன் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். பிள்ளை முன்னால் எப்படி என்று தயங்காதீர்கள். அவளுக்கு 18 வயது நிரம்பியிருந்தால், கல்விக்கடனில் முதல் கடன்தாரர் அவள்தான். அவள் பெயரிலும் நாளை இதே போன்ற ஓர் அறிக்கை தொடங்கப்போகிறது. அவள் விண்ணப்பத்தில் யாருடைய செல்போன் எண்ணைக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லையே. அதையும் போய்ப் பாருங்கள்.

கொழுந்தனாரின் வாகனக் கடன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. ஜாமீன் கையெழுத்து நீங்கள் போட்டதுதானா என்று மட்டும் அந்த நிறுவனத்தில் ஒப்பந்தத்தை வாங்கிப் பாருங்கள். நீங்கள் போட்டதுதான் என்றால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு உங்களுக்கும் உண்டு. மாதத்துக்கு ஒரு கட்டமாக அறிக்கையில் இருக்கும் எண்கள், தவணை எத்தனை நாள் தள்ளிப் போனது என்பதைக் காட்டுகின்றன. 000 என்றால் தாமதம் இல்லை, 90ஐத் தாண்டினால் வங்கி அதை வாராக்கடன் வரிசையில் சேர்த்துவிடும். உண்மையாக நடந்த தாமதத்தை எந்த முறையீட்டாலும் அழிக்க முடியாது. கொழுந்தனார் நிலுவையைக் கட்டி நேர் செய்ய வேண்டும். அவர் கட்டாமல் நீங்கள் கட்ட நேர்ந்தால், அதே சட்டத்தின் 145ஆவது பிரிவு அந்தத் தொகையை அவரிடம் திரும்பப் பெறும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. அந்த உரிமையை வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, அவருடைய அண்ணன்.

நிஜமான திருத்தம் என்று பார்த்தால் டிவி கடன்தான். கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது; கடன் கொடுத்தவர் உறுதி செய்தால்தான் மாற்றும். அதனால் இரண்டு பக்கமும் எழுதுங்கள். கடன் முடிந்ததற்கான என்ஓசி கடிதம் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் கடைசித் தவணை போனதைக் காட்டும் வங்கிப் பக்கத்தையும் இணையுங்கள். முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது அதே 2023 அக்டோபரில் வந்த இன்னொரு ரிசர்வ் வங்கி உத்தரவில் இருக்கிறது. பதிலே வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முறையிட்ட தேதிக்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள், நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

ஆப் கடன்களைப் பொறுத்தவரை, வீட்டில் வாங்கியதுதான் என்று தெளிவானால், அவர் மீதிப் பணம் முழுவதையும் கட்டட்டும். மறுபடியும் சமரசத் தொகை பேச வேண்டாம். கட்டி முடித்ததற்குக் கடிதம் வாங்கி, 'செட்டில்ட்' என்பதை 'குளோஸ்ட்' என்று மாற்றி அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். கடன் நிறுவனங்கள் 2025 ஜனவரி முதல் குறைந்தது மாதம் இருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்பதால் கணக்கின் நிலை சில வாரங்களில் மாறும், ஸ்கோர் ஏறுவதற்குத்தான் மாதங்கள் ஆகும்.

சிபில் அறிக்கை ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். இணையதளத்தில் சந்தா கட்டச் சொல்லும் பெரிய பொத்தான்களைத் தாண்டி, ஆண்டு இலவச அறிக்கை என்று இருப்பதைத் தேடுங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. இவற்றுக்கெல்லாம் முன்பாக, உங்கள் பெயரில் வாங்கிய சிம்மின் எண்ணை ஆதாரிலும் பானிலும் சம்பளக் கணக்கிலும் உங்கள் பெயரில் உள்ள ஒவ்வொரு கடன் கணக்கிலும் பதியச் செய்யுங்கள். கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் எண்தான் அறிக்கையில் ஏறும்.

8,000 ரூபாய் கேட்கிறவர் செய்யப்போவது, நீங்கள் இலவசமாகச் செய்யக்கூடிய அதே முறையீடுதான். கூடவே உங்கள் பான் நகலும் ஓடிபியும் இன்னொரு கைக்குப் போகும். ஒரு கைக்குப் போனது போதாதா?

மகளின் சேர்க்கைக்குக் கடைசித் தேதி எது என்று நீங்கள் எழுதவில்லை. வங்கி மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெற்றோரின் ஸ்கோர் குறைவு என்பதை வைத்துக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டு வங்கிக் கிளையை அது கட்டுப்படுத்தாவிட்டாலும், மண்டல அலுவலகத்துக்கு எழுதும் மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டத் தடையில்லை. அதற்குள் கட்டணத் தேதி வந்துவிட்டால், நகையை அடகு வைத்து முதல் ஆண்டுப் பணத்தைக் கட்டிவிடுங்கள். உங்கள் அறிக்கை சரியாகும்வரை கல்லூரி காத்திருக்காது. நகைக்கடன் விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். வங்கி நகைக்கடனும் அறிக்கையில் ஏறும் என்பதால், அதன் வட்டித் தேதியை உங்கள் புதிய எண் உள்ள போனில் குறித்து வையுங்கள்.