பேரப்பிள்ளைக்கு வலிப்பு: தாத்தா பாட்டிகளின் கேள்விகள்

குழந்தைகளுக்கு வரும் வலிப்பு பற்றிச் சந்தேகம் கேட்டு வரும் கடிதங்களில் நிறைய தாத்தா பாட்டிகள் எழுதியவை. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகல் முழுக்கக் குழந்தையோடு இருப்பவர்கள் இவர்கள்தான். வலிப்பு வரும் நேரத்தில் பக்கத்தில் இருப்பதும் பெரும்பாலும் இவர்களே. ஆனால் மருத்துவமனைக்கு வந்தால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். நான் உள்ளே கூப்பிட்டுக் கேட்பேன். பார்த்தவர் சொன்னால்தான் எனக்கு நோய் புரியும். இந்தத் தடவை அவர்களுடைய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

“ஒன்றரை வயதுப் பேரனுக்குக் காய்ச்சலில் ஜன்னி வந்துவிட்டது. கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அக்கம்பக்கத்தார் சொல்லி இரும்புச் சாவியைக் கையில் திணித்தோம். பல்லுக்கு நடுவில் கரண்டியும் வைத்தோம். இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டது. மூளை பாதித்திருக்குமா? இப்போது உடம்பு லேசாகச் சுட்டாலே எனக்குக் கை நடுங்குகிறது.” – ஒரு பாட்டி, கும்பகோணம்

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அம்மா. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. இரண்டு மூன்று நிமிடம் வந்து தானாக நிற்கும் காய்ச்சல் வலிப்பால் மூளை கெடாது, படிப்பும் கெடாது. அடுத்த காய்ச்சலில் மறுபடி வருமா என்றால், ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு வரும். ஐந்து வயதைத் தாண்டும்போது பெரும்பாலும் தானாகவே விட்டுவிடும்.

இரும்புச் சாவியை வைத்த பிறகு வலிப்பு நின்றது உண்மைதான். வைக்காவிட்டாலும் அதே நேரத்தில் நின்றிருக்கும். சாவியாவது கையோடு போகும், கரண்டிதான் ஆபத்து. பல் உடைந்து மூச்சுக்குழாயில் போய்விடலாம். வலிப்பில் குழந்தை நாக்கை விழுங்காது, அப்படி ஒன்று நடப்பதே இல்லை. ஓரத்தில் கடித்துக்கொண்டால் அது சில நாளில் ஆறிவிடும். ஆகவே வாயில் எதையும் வைக்க வேண்டாம். தண்ணீர், பால், மருந்து எதுவும் ஊற்றவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குழந்தையைத் தரையிலோ பாயிலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள். பயத்தில் ஒரு நிமிடம் கூடப் பத்து நிமிடமாகத் தெரியும், அதனால் சரியான நேரம் எனக்கு ரொம்ப முக்கியம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

முதல் தடவை வந்த வலிப்பு எதுவானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ஒரே நாளில் இரண்டு முறை வந்தாலும், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலும், நின்ற பிறகும் குழந்தை தெளியாமல் துவண்டே கிடந்தாலும் தாமதிக்கக் கூடாது. மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பாரசிட்டமால் குழந்தையின் உடல் நோவைக் குறைக்கும், ஆனால் வலிப்பு வராமல் காக்கும் என்று நம்ப முடியாது. நடு ராத்திரியில் எழுந்து எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற பாட்டிகளை எனக்குத் தெரியும். “நான் அசந்துவிட்டேன், அதனால்தான் வந்தது” என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வார்கள். அப்படி இல்லை அம்மா. காய்ச்சல் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியும் முன்பே பல குழந்தைகளுக்கு வலிப்பு வந்துவிடுகிறது. அடிக்கடி வரும் குழந்தைகளுக்கு, காய்ச்சல் அடிக்கும் இரண்டு மூன்று நாள் மட்டும் கொடுக்க குளோபசாம் என்ற வலிப்பு மருந்தை எழுதித் தருவதுண்டு. உங்கள் பேரனுக்கு அது தேவையா என்பதை அவனைப் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். தடுப்பூசிகளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

“பேத்திக்கு ஆறு மாதம். தூங்கி எழுந்ததும் தலை முன்னால் கவிழ்கிறது, இரண்டு கையும் சட்டென்று விரிகிறது. கொஞ்சம் விட்டு மறுபடி, இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. முடிந்ததும் அழுகிறாள். உரம் விழுந்திருக்கிறது என்று எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். வாயு என்கிறார்கள், சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்கிறார்கள். முன்பு போல் முகம் பார்த்துச் சிரிப்பதும் இல்லை.” – ஒரு தாத்தா, திண்டுக்கல்

இந்தக் கடிதத்துக்குப் படித்த அன்றே பதில் அனுப்பிவிட்டேன். இங்கே மறுபடி எழுதக் காரணம், இதே அசைவை வேறு வீடுகளிலும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நீங்கள் எழுதியிருப்பது குழந்தைப் பருவ ஸ்பாசம் என்கிற வலிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் தொடங்கும். ஒவ்வோர் அசைவும் ஓரிரு நொடிதான். கை கால் உதறாது, நுரை தள்ளாது. அதனால் யாருக்கும் அது வலிப்பு என்று தோன்றுவதில்லை. தூங்கி எழும் நேரத்தில் கொத்துக் கொத்தாக வருவதுதான் இதன் அடையாளம். சத்தம் கேட்டுத் திடுக்கிடும் குழந்தை ஒரு தடவை திடுக்கிடும், அதோடு சரி.

இங்கிலாந்தில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் 1841-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் சொந்த மகனுக்குத் தலை கவிழ்ந்து கவிழ்ந்து வருவதை விவரித்து, இப்படி வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று மற்ற மருத்துவர்களைக் கேட்ட கடிதம் அது. அவர் பெயரால்தான் இந்த நோய்க்கு வெஸ்ட் சிண்ட்ரோம் என்று பெயர். அன்று அவருக்குக் கிடைக்காத சிகிச்சை இன்று இருக்கிறது. ஏ.சி.டி.எச். ஊசி, பிரெட்னிசலோன், விகாபட்ரின் ஆகிய மருந்துகளில் எது பொருந்தும் என்பது காரணத்தைப் பொறுத்தது. ஆனால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் குழந்தையின் வளர்ச்சியைக் காப்பாற்றலாம். இதில் ஒவ்வொரு வாரமும் கணக்கு.

அடுத்த முறை வரும்போது போனில் வீடியோ எடுங்கள். முகம், இரண்டு கை, கால் எல்லாம் தெரியும்படி, போர்வையை விலக்கிவிட்டு எடுங்கள். அதோடு நேராகக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு, அல்லது சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனையைத் தூக்கத்தோடு சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். அசைவு வராத நேரத்தில் பார்த்துவிட்டு யாராவது “குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது” என்றால் வீடியோவைக் காட்டுங்கள். பேத்தி சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள் என்று கவனித்தீர்களே ஐயா, அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது பெரிய தகவல்.

“கேட்டதைக் கொடுக்காவிட்டால் பேரன் வீறிட்டு அழுது, மூச்சே விடாமல் நீலம் பாரித்து மயங்கி விழுகிறான். அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். இதுவும் வலிப்பா?” – ஒரு பாட்டி, விருதுநகர்

பெரும்பாலும் இல்லை. அழுகையில் மூச்சு நின்று வரும் மயக்கம் இது. ஐந்தாறு வயதுக்குள் போய்விடும். இரும்புச்சத்து குறைந்த குழந்தைகளுக்கு இது அதிகம் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அழுகையோ அடிபடுவதோ இல்லாமல், விளையாடும்போதோ தூக்கத்திலோ மயங்கினால் அது வேறு விஷயம். அப்போது ஈ.சி.ஜி. உட்படப் பார்க்க வேண்டும். மயங்கிவிடுவானோ என்று பயந்து கேட்டதையெல்லாம் வாங்கித் தர வேண்டாம், அவனுக்கு அது சீக்கிரம் புரிந்துவிடும்.

“பேத்திக்கு வலிப்பு வந்ததிலிருந்து கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை மருமகள் தொடவே விடுவதில்லை. நீலகிரித் தைலத்தையும் எடுத்து ஒளித்துவிட்டாள். நான் மூன்று பிள்ளைகளை அதில்தான் வளர்த்தேன்.” – ஒரு பாட்டி, திருநெல்வேலி

உங்கள் மனம் புண்பட்டிருப்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனாலும் மருமகள் செய்தது சரி. கற்பூரம் வலிப்பைத் தூண்டும் பொருள். குழந்தை ஒரு வில்லையை விழுங்கினாலே அரை மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். தோலில் தடவினாலும் உள்ளே போகும், ஆவியாகவும் மூச்சில் போகும். நீலகிரித் தைலமும் அப்படித்தான். பூஜை அறைக் கற்பூர டப்பா குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சளி பிடித்தால் நெஞ்சில் தேய்க்கும் களிம்பும் வேண்டாம். வெறும் தேங்காய் எண்ணெயை எவ்வளவு வேண்டுமானாலும் தேய்த்து விடுங்கள், அந்தக் கை வருடல் பேத்திக்கு நல்லதுதான்.

மந்திரித்துக் கயிறு கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டிக்கொள்ளுங்கள். மருந்து ஒரு வேளை கூடத் தவறக் கூடாது, அதுதான் என் வேண்டுகோள்.

“லெவிடிராசிட்டம் சிரப் ஆரம்பித்ததிலிருந்து ஐந்து வயதுப் பேரன் எதற்கெடுத்தாலும் கத்துகிறான், அடிக்கிறான். ஆறு மாதமாக வலிப்பும் வரவில்லை. மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா?” – ஒரு தாத்தா, ஈரோடு

நிறுத்தாதீர்கள் ஐயா. வலிப்பு வராமல் இருப்பதே மருந்து வேலை செய்வதால்தான். திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரக்கூடும். பொதுவாக, வலிப்பே இல்லாமல் இரண்டு வருடம் போன பிறகுதான் மெல்ல மெல்லக் குறைப்போம்.

ஆனால் நீங்கள் கவனித்தது சரி. சில குழந்தைகளுக்கு இந்த மருந்தால் எரிச்சலும் கோபமும் வரும். பையன் கெட்டுப்போகவில்லை, அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவைச் சரிசெய்யலாம், வேறு மருந்துக்கும் மாற்றலாம்.

கூடவே ஒன்று. இந்த சிரப்பில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தின் சிரப்பில் ஐந்து மில்லிக்கு 200. ஆகவே கரண்டிக் கணக்கு ஆகாது. ஊசியில்லாத சிரிஞ்சில் மில்லி பார்த்துக் கொடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். பார்வை சரியில்லை என்றால், காலையில் மகனோ மருமகளோ அளந்து வைத்துவிட்டுப் போகட்டும்.

“மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் நானும் நான்கு வயதுப் பேத்தியும்தான். எனக்கு 68 வயது, பிரஷர் உண்டு. அவளுக்கு வலிப்பு வந்தால் மூக்கில் அடிக்க ஸ்பிரே கொடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் என்னால் முடியுமா என்று தூக்கமே வருவதில்லை.” – ஒரு தாத்தா, கோயம்புத்தூர்

முடியும். ஆனால் அதற்குப் பழக வேண்டும். உங்கள் பயம் அந்த ஸ்பிரேயை ஒரு முறை கூடக் கையில் எடுத்துப் பார்க்காததால் வருவது என்று நினைக்கிறேன். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போய், செய்து காட்டச் சொல்லுங்கள். மிடாசோலம் ஸ்பிரேயைப் புதிதாகத் திறந்ததும் சில தடவை காற்றில் அடித்தால்தான் மருந்து சரியாக வரும். எந்த நிமிடத்தில் அடிப்பது, ஒவ்வொரு மூக்கிலும் எத்தனை தடவை என்பதை எடைக்கு ஏற்ப மருத்துவர் எழுதித் தருவார். அதைப் பெரிய எழுத்தில் எழுதி, ஸ்பிரேயோடு ஒரே இடத்தில் வையுங்கள். காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்த பிறகும் ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, மூச்சு சரியில்லாமல் தெரிந்தாலோ 108. மகனுக்குப் போன் செய்வது அதற்கு அப்புறம்.

பக்கத்து வீட்டில் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள், கூப்பிட்டால் ஓடி வர ஆள் வேண்டும். குளியலறைக் கதவைத் தாழிடாமல் இருக்கட்டும். வாளித் தண்ணீர், தொட்டி, அடுப்பு இவற்றின் பக்கம் தனியாக விட வேண்டாம். மற்றபடி அவள் ஓடட்டும், விளையாடட்டும். நாள் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அவளும் பயந்தே வளர்வாள். உங்கள் பிரஷர் மாத்திரையையும் நேரத்துக்குப் போடுங்கள் ஐயா. இரவில் பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் தூங்குங்கள்.

“ஏழு வயதுப் பேத்திக்கு வலிப்பு மருந்து கொடுக்கிறோம். பள்ளியில் சொல்ல வேண்டாம், நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.” – ஒரு பாட்டி, மதுரை

வலிப்புள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மருந்தில் கட்டுப்படும், நிறையப் பேருக்கு வளர்ந்ததும் விட்டும் விடும். கல்யாணத்துக்கு இப்போதே கவலைப்பட வேண்டாம். முன்பு இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-இல் அந்தச் சொல்லையே நீக்கிவிட்டார்கள். பேத்தி சாப்பிடுவது வால்ப்ரோயேட் என்றால், அவள் வயதுக்கு வரும் முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிற்காலத்தில் கர்ப்பத்தில் உள்ள குழந்தைக்கு அது கெடுதல் என்பதால், முடிந்தவரை வேறு மருந்துக்கு மாற்றுவோம்.

பள்ளியில் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், வகுப்பில் வலிப்பு வரும் அன்று அவள் வாயில் ஸ்கேலை வைப்பார்கள். வகுப்பு ஆசிரியையிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதுவும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் 108 என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் மகனின் போன் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ஆசிரியை மாறும்போதெல்லாம் புதிதாக ஒரு தாள் கொடுக்க வேண்டும்.