ட்ரைக்கில் ஏறும்போதும் இறங்கும்போதும் காலை எங்கே வைப்பது?

கேள்வி: 30 ஆண்டுகளாக இருசக்கர மோட்டார் சைக்கிள் ஓட்டியவன். உடம்பு ஒத்துழைக்காததால், பின்னால் இரண்டு சக்கரங்கள் உள்ள ட்ரைக்குக்கு மாறியிருக்கிறேன். முதல் மாதத்திலேயே, சிக்னலில் நிற்கப்போகும்போது காலை ஊன்றிவிட்டேன். பின்சக்கரம் குதிகாலை உரசிவிட்டது. இன்னொரு நாள், இறங்கி இரண்டு அடி நடப்பதற்குள் வண்டி மெல்ல நகர ஆரம்பித்தது. வலது இடுப்பும் கொஞ்சம் இறுக்கம். காலைத் தூக்கிப் போடச் சிரமமாக இருக்கிறது. எந்த முறையைப் பழகிக்கொள்ள வேண்டும்?

பதில்: நீங்கள் சொன்ன இரண்டையும் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டோம். 30 ஆண்டுப் பழக்கம் செய்த வேலை அது. இருசக்கர வண்டியில் வேகம் குறையக் குறையக் கால் தானாகத் தரையைத் தேடும். தேடாவிட்டால் வண்டி சாய்ந்துவிடும். ட்ரைக் சாயாது என்பது உங்கள் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது.

முதலில் அந்தக் காலைப் பார்ப்போம். ஃபுட்போர்டிலிருந்து கால் இறங்கும் இடத்துக்கு நேர் பின்னால் பின்சக்கரமும் அதன் மட்கார்டும் இருக்கின்றன. ஊன்றிய கால் அதே இடத்தில் நிற்கும். வண்டி இன்னும் ஓரடி முன்னேறும். அந்த ஓரடியில் மட்கார்டு விளிம்பு ஆடுசதையில் இடிக்கும், அல்லது டயர் குதிகாலைப் பிடிக்கும். வண்டி முன்னால் போகும்போது டயரின் முன்பக்கம் கீழ்நோக்கிச் சுழல்கிறது. அதனால் அகப்பட்ட குதிகாலை அது வெளியே தள்ளாது, தரையோடு சேர்த்து அமுக்கும். பெரிய டூரிங் ட்ரைக்குகளின் எடை 500 கிலோவைத் தாண்டும். நடை வேகமே போதும், கணுக்கால் திருகிப்போக. வளைவில் இன்னும் மோசம்: உட்பக்கப் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தை விட்டு உள்ளே ஒதுங்கி வரும், அதாவது நீங்கள் காலை நீட்டும் பக்கத்துக்கே வரும்.

ஆகவே, வண்டி முழுதாக நிற்கும்வரை இரண்டு கால்களும் ஃபுட்போர்டில்தான் இருக்க வேண்டும். நின்ற பிறகும் தரையில் ஊன்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை. சிக்னலில் வலது கால் பிரேக் மிதியில் இருக்கட்டும், இடது கால் அதன் போர்டில் இருக்கட்டும். காலால் உந்தி வண்டியை நகர்த்தும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முன்னால் உந்தினால் டயர் குதிகாலுக்கு வரும், பின்னால் உந்தினால் ஃபுட்போர்டின் விளிம்பு முழந்தாளுக்குக் கீழே எலும்பில் வந்து இடிக்கும். ரிவர்ஸ் கியர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், பின்னால் எடுக்க வேண்டிய நிலை வராத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

இனி, தானாக நகர்ந்த வண்டி. இருசக்கர வண்டியை நிறுத்தியதும் சைடு ஸ்டாண்டைத் தட்டிவிடுவோம். வண்டி அதன்மேல் சாய்ந்ததும் ‘வேலை முடிந்தது’ என்று மனம் குறித்துக்கொள்ளும். பல ட்ரைக்குகளில் அந்த ஸ்டாண்டே கிடையாது. வண்டி தன் பாட்டுக்கு நிமிர்ந்து நிற்பதால், அதை நிறுத்திவிட்டதாகத் தோன்றிவிடுகிறது. பிரேக்கை ஞாபகப்படுத்த ஒன்றுமே இல்லை. இன்னொன்றும் உண்டு. ஸ்டாண்டு இறங்கிய நிலையில் கியர் போட்டால் எஞ்சினை அணைத்துவிடும் சுவிட்ச் இப்போதைய இருசக்கர வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. ஸ்டாண்டு இல்லாத வண்டியில் அந்தக் காப்பும் இல்லை. எஞ்சின் ஓட, கியரில் கிளட்சைப் பிடித்தபடியே இறங்கப் பார்த்தால், கை நழுவும் கணத்தில் வண்டி பாயும்.

இறங்குவதற்கான வரிசை இது. வண்டியை நிறுத்தி, கால் பிரேக்கை அழுத்தியபடியே பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள். சில வண்டிகளில் அது மிதி, சிலவற்றில் லீவர், சிலவற்றில் பொத்தான். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது சீட்டில் உட்கார்ந்தபடியே கால் பிரேக்கை மெதுவாக விட்டு மூன்று எண்ணுங்கள். வண்டி அசைந்தால் பார்க்கிங் பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் இன்னும் சீட்டில் இருப்பதால் உடனே மிதித்து நிறுத்திவிடலாம். அசையவில்லை என்றால் எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டுவிட்டு இறங்குங்கள். இந்த மூன்று எண்ணிக்கைதான் முழு வரிசையிலும் முக்கியமானது. அதைச் செய்திருந்தால் அன்று வண்டி உங்களை விட்டுப் போயிருக்காது.

பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் உதவிக்கு வராது. எஞ்சின் அணைந்தால் சக்கரம் சுதந்திரமாக உருளும்; பார்க்கிங் பிரேக் ஒன்றே துணை. கேபிளால் இழுபடும் டிஸ்க் பார்க்கிங் பிரேக்குகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பின் டிஸ்க் சூடாக இருக்கும்; ஆற ஆறச் சுருங்கும், பிடிப்பும் சற்றுத் தளரும். சரிவில் நிறுத்தினால் இன்னொரு ‘கிளிக்’ கூட்டிப் போடுங்கள், முன்சக்கரத்தைச் சாலையோர மேட்டின் பக்கம் திருப்பி வையுங்கள். பார்க்கிங் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறதென்றால் கேபிள் நீண்டிருக்கலாம், அல்லது பேட் தேய்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

ஏறுவது எந்தப் பக்கம்? இடப்பக்கம்தான் என்ற கட்டாயம், சைடு ஸ்டாண்டு அந்தப் பக்கம் இருப்பதால் வந்தது. ட்ரைக்குக்கு அது பொருந்தாது. போக்குவரத்து இல்லாத பக்கமாக ஏறலாம், இறங்கலாம். தரை பக்கவாட்டில் சரிந்திருந்தால் மேட்டுப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே சீட்டுக்கும் தரைக்கும் இடையே உயரம் குறைவு. சைலன்சர் எந்தப் பக்கம் சூடாக இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் எங்கே தொந்தரவு என்பதும் பக்கத்தைத் தீர்மானிக்கும். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இடப்பக்கமாக ஏறினால் இடது கால் உடம்பைத் தாங்குகிறது, வலது கால் சீட்டைத் தாண்டுகிறது. உங்களுக்கு வலது இடுப்பு இறுக்கம், அதாவது தூக்குவதுதான் சிரமம். அப்படியானால் வலப்பக்கமாக ஏறுங்கள். வலது கால் நின்று தாங்கட்டும், இடது கால் தாண்டட்டும். இறங்குவதும் அதே பக்கம். இடுப்புக்குப் பதிலாக வலது முழங்காலில் பலம் குறைவு என்றால் கணக்கு மாறும்: தாங்கும் வேலை இடது காலுக்குப் போக வேண்டும், எனவே இடப்பக்கம். இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் எவ்வளவு மடக்கலாம், திருப்பலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டே ஏற வேண்டும்.

காலைத் தூக்கும்போது பின்னால் உதைப்பதுபோல் நீட்டினால் பில்லியன் சீட்டிலோ முதுகுச்சாய்விலோ பூட்ஸ் மாட்டிக்கொள்ளும். உடம்பை டேங்க்குக்கு மேலே முன்னால் சாய்த்து, முழங்காலை மடக்கி, முதலில் முழங்காலையும் அதன்பின் பாதத்தையும் தாண்டவிடுங்கள். ஃபுட்போர்டில் ஏறி நின்றும் காலைப் போடலாம். இருசக்கர வண்டியில் வண்டியையே சாய்த்துவிடக்கூடிய அந்த வேலையை ட்ரைக் பொதுவாகத் தாங்கும். ஆனால் பல ஃபுட்போர்டுகள் மேல்நோக்கி மடங்குபவை. வெளி ஓரத்தில் மிதிக்காமல், கீல் இருக்கும் உட்பக்கத்தை ஒட்டி மிதியுங்கள். மழையில் நனைந்த ரப்பரில் பாதத்தை முதலில் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு எடையை ஏற்றுங்கள்.

கைக்கு எது பிடிமானம்? ஹேண்டில்பாரை இழுத்து ஏறினால் அது திரும்பும், நீங்களும் கூடவே திரும்புவீர்கள். ஏறும் பக்கம் முழுதாகத் திருப்பி வைத்தால், இழுக்கும்போது அதற்குமேல் திரும்ப இடமிருக்காது. மறு கையைச் சீட்டில் ஊன்றுங்கள். கண்ணாடியையும் விண்ட்ஷீல்டையும் தொடவே வேண்டாம். உங்களைப் போல் வலப்பக்கமாக ஏறுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கையில் அகப்படுவது ஆக்சிலேட்டர். எஞ்சின் ஓடும்போது அதைப் பிடித்து எழுந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சின் அணைந்தே இருக்கட்டும். பிரேக் லீவரைப் பிடித்துச் சமாளிக்கலாம் என்பதும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது; கேன்-ஆம் ஸ்பைடர் என்ற மூன்று சக்கர வண்டியில் (முன்னால் இரண்டு சக்கரங்கள், ஆனால் சாயாது) கை பிரேக் லீவரே இல்லை, எல்லாச் சக்கரங்களுக்கும் கால் மிதிதான்.

பில்லியனில் வருபவர் கடைசியில் ஏறி முதலில் இறங்க வேண்டும். அவர் முன்னதாக ஏறிவிட்டால் உங்கள் கால் தாண்ட இடமிருக்காது.

முன்னால் இரண்டு சக்கரங்களோடு வளைவில் சாயும் வண்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பியாஜியோ எம்பி3-இல் சாய்வைப் பூட்டும் வசதி உண்டு. அது வண்டி சாயாமல் பிடிக்குமே தவிர, உருளாமல் பிடிக்காது. பார்க்கிங் பிரேக்கைத் தனியாகப் போட வேண்டும். யமஹா நைகனில் சாய்வுப் பூட்டே கிடையாது. நிறுத்தும்போது காலை ஊன்றத்தான் வேண்டும், ஸ்டாண்டும் போட வேண்டும்.

பழகுவதற்கு வெறுமையான சமதரையைத் தேடிக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்து வைத்து, ஏறுவதும் இறங்குவதுமாக 10 முறை. பிறகு நடை வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, இரண்டு எண்ணும்வரை கால்கள் அசையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘பார்க்கிங், நியூட்ரல், மூன்று எண்ணு, ஆஃப், கியர்’ என்று வாய்விட்டே சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். தினம் 15 நிமிடம், ஒரு வாரம் செய்தால் கால் அடங்கத் தொடங்கும். அதன்பின் வீட்டில் உள்ள பழைய இருசக்கர வண்டியை எடுக்க நேர்ந்தால் இதற்கு நேர் எதிரான சிக்கல் வரும்: நிற்கும்போது காலை ஊன்ற மறந்துபோகும். அன்றைக்கு முதல் இரண்டு மூன்று நிறுத்தங்களை, வாசலைத் தாண்டுவதற்கு முன்பே வளாகத்துக்குள் செய்து பார்த்துவிடுங்கள்.