எந்த ஊர்க் கோபுரம்?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 31 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் டிசைனராக இருந்தேன். மூன்று வருடம் முன்பு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வாட்டர்கலர் வரைகிறேன். மாதம் இரண்டு ஒர்க்‌ஷாப். கோவை, சென்னை, பெங்களூரு, புதுச்சேரி என்று ஓடிக்கொண்டே இருக்கிறேன். வருடத்துக்கு மூன்று நான்கு கண்காட்சி. வரும்படி பரவாயில்லை. ஆனால் போன வருடம் முழுக்க எனக்காக என்று வரைந்தவை ஐந்தே படங்கள். ஒர்க்‌ஷாப் என்னைத் தின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்தினால் வாடகை கொடுக்க முடியாது. நீங்கள் இருபத்தைந்து வருடமாக இரண்டையும் செய்கிறீர்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கட்டணம் எப்படிப் பேசுவது? இன்ஸ்டாகிராமில் தினமும் ஏதாவது போட்டே ஆக வேண்டுமா? சமீபத்திய டெமோ படங்கள் பதினொன்றை இணைத்திருக்கிறேன். அடுத்த மாதம் புதுச்சேரியில் ஒர்க்‌ஷாப். அதற்குள் பதில் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

பெயர் வேண்டாம், திருப்பூர்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். இணைத்திருந்த படங்களை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் காசு விஷயத்தை முடித்துவிடலாம். பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். ரயில் டிக்கெட்டும் தங்கும் செலவும் தனி. காகிதம் யார் வாங்குவது என்பதைப் போனில் பேசாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், அதற்கு மேல் போனால் யார் கையையும் பார்க்க முடியாது. ஒரு நிறுவனம் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்புக்கான பணத்தை எனக்குப் பதினான்கு மாதம் கழித்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு முன்பணம் வராமல் நான் ரயில் ஏறியதில்லை. இன்ஸ்டாகிராமில் எதை எப்போது போடுவது என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். வரையும்போது போன் அடுத்த அறையில் இருக்கட்டும், அது போதும்.

இனி படங்கள். பதினொன்றில் ஒன்பது ஒரே படம். இடது பக்கம் கோபுரம், கீழே மழை நனைத்த தெரு, குடை பிடித்த மூன்று பேர், மேலே இரண்டு காக்கை, பின்னால் மாலை மஞ்சள். ஒன்றில் குடை சிவப்பு, இன்னொன்றில் நீலம். நன்றாகத்தான் இருக்கின்றன. கை சுத்தமாக ஓடியிருக்கிறது, எங்கேயும் தடுமாற்றம் இல்லை. எனக்குக் கவலை தந்தது அதுதான். தம்பி, இது எந்த ஊர்க் கோபுரம்? அவிநாசிக் கோயில் உங்களுக்கு அரை மணி நேரப் பயணம். அங்கே போய் நிழலில் உட்கார்ந்து, அந்தக் கோபுரம் வானத்தைத் தொடும் விளிம்பை ஒரு தடவையாவது பார்த்து வரைந்திருக்கிறீர்களா? இந்தக் கோபுரம் அவிநாசியும் இல்லை, மதுரையும் இல்லை. நிச்சயமாகத் தேறும் என்று உங்கள் கைக்குத் தெரிந்துவிட்ட ஒரு கோபுரம், அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியும். இருபது பேர் காசு கொடுத்துவிட்டுச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் போனில் படம் பிடிக்கிறார். அந்த நேரத்தில் வண்ணம் குழம்பிச் சேறாகிவிட்டால் அதைவிட அவமானம் இல்லை என்று தோன்றும். அதனால் தேறுகிற படத்தையே கையோடு கொண்டுபோகிறோம். பதினைந்து நிமிடம் வானம், ஹேர் ட்ரையர், டீ, அப்புறம் கோபுரம். எல்லாம் கடிகாரப்படி நடக்கும்.

ஆனால் வாட்டர்கலரில் நாம் பார்க்க வேண்டியது காகிதத்தை. ஈர வாஷ் போட்டதும், அதாவது தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பரப்பிப் பூசியதும், காகிதம் கண்ணாடி போல் மினுங்கும். கொஞ்ச நேரத்தில் அந்த மினுக்கம் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வரும். முழுக்க மங்குவதற்குச் சற்று முன்பு ஒரு கணம் உண்டு. அப்போது தூரிகையை வைத்தால் விளிம்பு மேகம் போல மிருதுவாகக் கரையும். சற்றுத் தாமதித்து ஈரத் தூரிகையை வைத்தால் காலிஃப்ளவர் மாதிரி பூத்துக் கெடும். சென்னையில் டிசம்பர் மழையில் அந்தக் கணத்துக்காக அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறேன். மதுரையில் மே மாதம் தூரிகையை எடுப்பதற்குள் அது போய்விடும். பெங்களூரு ஜனவரிக் காற்றில் அது வேறு கணக்கு. ஊர் ஊராகப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் உண்டா? நீங்கள் நான்கு ஊருக்குப் போய் நான்கு காற்றையும் ஹேர் ட்ரையரால் ஒன்றாக்கிவிட்டு வருகிறீர்கள். ஒர்க்‌ஷாப் தின்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒர்க்‌ஷாப் மேல் பழி போடாதீர்கள். உங்களைத் தின்பது இந்தக் கோபுரம்.

உங்களை மட்டுமா தின்கிறது? வந்தவர்கள் என்ன கொண்டுபோகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இருபது பேர் இருபது கோபுரத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த வாரம் மாடியில் உட்கார்ந்து எதிர்வீட்டு முருங்கை மரத்தை வரையப் பார்த்தால் ஒன்றும் வராது. ஏனென்றால் ஒரு படத்தின் வரிசையைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். மரத்தைப் பார்த்துத் திணறுவது எப்படி என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. “எனக்குக் கை வராது” என்று தூரிகையை எடுத்துவைத்துவிடுவார்கள். இந்த இடத்தில் உங்கள் மேல் எனக்குக் கோபமே வந்தது.

கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறது. ஆறு வருடம் நான் ஒரு படகை வரைந்தேன். கரையில் கட்டிய தனிப் படகு, தண்ணீரில் அதன் நிழல், பின்னால் மூடுபனியில் தென்னை. எப்போதோ எடுத்த ஒரு போட்டோவிலிருந்து பிறந்தது. பெங்களூரு சித்திரச் சந்தையில் முதல் தடவை அது விற்றது. ஜனவரியில் ஒரு ஞாயிறு, குமார கிருபா சாலை முழுக்க ஓவியர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நீங்களும் போயிருப்பீர்கள். முதல் நாள் இரவு ரயிலில் பழைய போர்வையில் ஃப்ரேம்களைச் சுற்றி, காலுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் போனேன். காலை பத்து மணிக்குள் படகு போய்விட்டது. மதியம் ஒருவர் வந்து, அதே மாதிரி கொஞ்சம் சின்னதாக, சோபா நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு சந்தை, கண்காட்சி, டெமோ எங்கே போனாலும் படகுதான்.

அப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் சொல்லித்தரக் கூப்பிட்டார்கள். நாற்பது பேர். வேப்ப மரத்தடியில் பெஞ்சு போட்டு வழக்கம் போலப் படகை வரைந்தேன். கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, எழுந்து கேட்டாள்: “டீச்சர், இந்தப் படகு எந்த ஊர்ல இருக்கு?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போட்டோ எடுத்த ஊர் உண்மையிலேயே எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் விடவில்லை. “எங்க ஏரியில படகே இல்ல டீச்சர். தண்ணியே இல்ல. வேலிக்காத்தான்தான் இருக்கு.” கிண்டலாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

புதுக் காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஏரிக் கரைக்குப் போனேன். நாற்பது பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். காய்ந்து வெடித்த ஏரி, அதில் கண்ணுக்கெட்டிய தூரம் வேலிக்காத்தான். அந்தப் பச்சை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. அதுவரை பார்த்ததில்லை, பார்த்தாலும் களை என்று விட்டிருக்கிறேன். முதல் வாஷ் வெயிலில் உடனே இறுகிவிட்டது. அவசரத்தில் மேலே மேலே போட்டு முழுச் சேறாக்கினேன். அரை மணி நேரம் நாற்பது ஜோடிக் கண்கள் எதிரே ஒரு படம் முழுசாகக் கெட்டது.

அந்தப் பெண் காகிதத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தாள். பிறகு வலது ஓரத்தில் விரல் வைத்து, “இங்க மட்டும் எங்க ஏரி மாதிரி இருக்கு” என்றாள். ஒரு விரல் அகல இடம். காய்ந்த தூரிகையை இழுத்தபோது பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணம் காகிதத்தின் மேடுகளில் மட்டும் ஒட்டி, பள்ளங்களில் வெள்ளை நின்றிருந்தது. அதில் ஒரு சொட்டு நீலம் ஓடி, முள்ளும் நிழலும் பிரியாமல் கிடந்தன. அந்த ஆறு வருடத்தில் நான் வரைந்த படகுகள் எதிலும் அப்படி ஒரு விரல் அகலம் இல்லை. அந்த வருடமெல்லாம் வேலிக்காத்தானைத்தான் வரைந்தேன். ரயில் ஜன்னலோரத்தில், கண்மாய்க் கரையில், கல்லூரிகளின் பின்சுவர்களுக்கு வெளியே.

ஒரே பொருளைத் திரும்ப வரையாதே என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மரத்தை நூறு தடவை வரையலாம், மரத்தின் எதிரே உட்கார்ந்திருந்தால்.

வயிற்றுப்பாட்டுக்காகச் செய்வதை நான் கேவலமாகப் பேசவே மாட்டேன். சென்னையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எப்படி எழுந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கே. சி. எஸ். பணிக்கர் எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த காலம். படித்து முடித்த பிள்ளைகள் வேலை தேடி ஓவியத்தைக் கைவிடுவதைப் பார்த்து, பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்க ஏற்பாடு செய்தார். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் கிராமம் தொடங்கியது. மெழுகிட்டுச் சாயத்தில் தோய்த்த துணி அவர்களுக்கு வீடும் நேரமும் கொடுத்தது. திருப்பூர்க்காரருக்குச் சாயத்தின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் துணி துணியாக இருந்தது, ஓவியம் ஓவியமாக இருந்தது. ஒன்றை மற்றதன் பெயரில் அவர்கள் விற்கவில்லை. உங்கள் கோபுரம் பாத்திக் துணி, தம்பி. துணியாகவே விற்றுக்கொள்ளுங்கள். அச்சுப் போட்டு வாழ்த்து அட்டையாக விற்கலாம், நாள்காட்டியாக விற்கலாம், நன்றாகப் போகும். அதை ஒர்க்‌ஷாப்பில் வரைந்து காட்டி, ஓவியம் என்றால் இதுதான் என்று சொல்லாதீர்கள்.

அதே பணிக்கர் உங்கள் பக்கத்து ஊரில், கோவையில், 1911இல் பிறந்தவர். இளம் வயதிலிருந்தே கேரளத்துக் கால்வாய்களையும் தென்னந்தோப்புகளையும் வாட்டர்கலரில் வரைந்து பெயர் வாங்கியவர். அதையே கடைசிவரை வரைந்துகொண்டு இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1963இல், 52 வயதில், ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கினார். கட்டம் கட்டமான வரிகள், ஜாதகக் கட்டங்கள், படிக்க முடியாத எழுத்து. தென்னைக்கும் அதற்கும் ஒட்டே இல்லை. நீங்கள் 31 வயதில் கோபுரத்தை விடப் பயப்படுகிறீர்கள்.

ஐந்து படம்தான் வரைந்தேன் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். ஐந்து குறைவில்லை. நீங்கள் அனுப்பிய பதினொன்றில் மிச்சம் இரண்டு இருக்கிறதே, அதில் ஒன்று, ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் பெஞ்சில் தூங்கும் ஆள், அவசரமாகப் போட்டது போலிருக்கிறது. கால் சரியாக வரவில்லை. ஆனால் செருப்பைத் தலைக்கு வைத்திருக்கிறார். அதைப் பார்க்காமல் வரைந்திருக்க முடியாது. அந்தப் படத்தில்தான் உங்களைச் சந்தித்தேன்.

புதுச்சேரிக்குப் போகும்போது கோபுரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போனில் இருக்கும் மாதிரிப் படத்தையும் திறக்காதீர்கள். ஹேர் ட்ரையர் வேண்டாம், கடற்காற்று எவ்வளவு நேரத்தில் காயவைக்கிறது என்று எல்லோருமாகச் சேர்ந்து பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே முதலில் எது தெரிகிறதோ அதை வரையுங்கள், தண்ணீர்த் தொட்டியோ, நிறுத்திவைத்த வண்டியோ. கெட்டுப்போனால், எங்கே கெட்டது, ஏன் கெட்டது என்று அந்தப் பதினைந்து பேரிடமும் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள். கெட்டுப்போனதைத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா