தொழுநோய் தினம்: அறிவிப்புப் பலகையில் 25ஆ, 30ஆ?

பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுத வைத்திருக்கும் சுகாதார தினங்களின் பட்டியலில் தொழுநோய் தினம் ஜனவரி 25 என்று இருக்கிறது, 25ஆ 30ஆ எது சரி என்று கேட்டிருந்தீர்கள். ஜனவரி 30 என்றே எழுதுங்கள். இந்தியாவில் காந்தி நினைவு நாளில்தான் தொழுநோய் ஒழிப்பு தினத்தைக் கடைப்பிடிக்கிறோம். தன் சேவாகிராம ஆசிரமத்தில் பர்ச்சுரே சாஸ்திரி என்ற தொழுநோயாளிக்குத் தன் கையால் பணிவிடை செய்தவர் காந்தி. பலகையில் இதையும் ஒரு வரி சேர்த்தால் பிள்ளைகள் மனதில் நிற்கும்.

உங்கள் பட்டியலில் இருக்கும் 25ஆம் தேதி உலகத் தொழுநோய் தினமாக இருக்க வேண்டும். அது ஜனவரியின் கடைசி ஞாயிறு. 2026இல் 25, 2027இல் 31. பழைய பட்டியலை அப்படியே எடுத்து எழுதினால் இப்படித்தான் குழம்பும்.

அதனால் மற்ற மாதங்களையும் காலண்டரோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சிறுநீரக தினம் மார்ச் இரண்டாம் வியாழன், ஆஸ்துமா தினம் மே முதல் செவ்வாய். காசநோய் தினமும் (மார்ச் 24) எய்ட்ஸ் தினமும் (டிசம்பர் 1) மாறாதவை.

தேதிக்குக் கீழே எழுதுவதுதான் முக்கியம்: நிறம் மங்கி, தொட்டால் உணர்வில்லாத தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், தொழுநோய்க்கான கூட்டு மருந்து இலவசம், நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் நோய் குணமாகும்.

ஒன்று மட்டும் வேண்டாம். வகுப்பில் ஒருவர் தோலை ஒருவர் பார்க்கச் சொல்லாதீர்கள். எல்லாத் தேமலும் தொழுநோய் அல்ல. ஆனால் ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் அது லேசில் போகாது. சந்தேகம் இருந்தால் பெற்றோரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.